16 கோடி ஆண்டுக்கு முந்தைய பாட்டு

பகலெல்லாம் பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் ஊர் கண்ணமங்கலம். தறி ஓய்ந்த பிறகு, இரவில் தண்ணீர் பாய்ச்சக் கழனிக்குப் போகும் விவசாயியின் காதில் வேறொரு ஓசை விழும். வரப்பு ஓரத்துச் சுவர்க்கோழியின் 'கிர்ர்' சத்தம்தான் அது. இந்தப் பாட்டு மனிதன் ஏர் பிடிப்பதற்கு முன்பே, டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது என்றால் வியப்பாக இருக்கும். உண்மை அதுதான்.

சிறகே வாத்தியம்

சுவர்க்கோழி வாயால் பாடுவதில்லை. ஒரு முன்சிறகின் அடியில் சீப்பின் பல் போன்ற வரிசை இருக்கிறது. அதன்மேல் மற்றொரு சிறகின் விளிம்பை உரசி ஓசை எழுப்புகிறது. பாடுவது ஆண் மட்டுமே. பெண்ணை அழைக்கவே பாடுகிறது. அதன் காது இருப்பது முன்னங்கால்களில்!

கல்லில் கிடைத்த சிறகு

சுவர்க்கோழிக்கும் நீண்ட மீசையுள்ள வெட்டுக்கிளிக்கும் பங்காளி முறையான ஒரு குடும்பம் முற்காலத்தில் இருந்தது. அறிவியலார் அதை 'ஹாக்லிடே' என்பர். இன்று அக்குடும்பம் அடியோடு அழிந்துவிட்டது. ஆனால் சீனாவில் 16.5 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் அக்குடும்பத்துப் பூச்சி ஒன்றின் சிறகுகள் பதிந்து கிடைத்தன. சிறகின் நீளம் சுமார் 7 சென்டிமீட்டர். அதிலிருந்த பல் வரிசையும் சிதையாமல் இருந்தது. பற்களை எண்ணி, இடைவெளியை அளந்து, அந்தப் பூச்சி எப்படிப் பாடியிருக்கும் என்று 2012-ல் கணக்கிட்டார்கள். நொடிக்கு 6,400 அதிர்வுகள் கொண்ட, மனிதக் காதுக்கும் கேட்கக்கூடிய ஓசை என்று தெரிந்தது.

நம் நாட்டுப் பூச்சி

இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு குடும்பத்தில் 90-க்கும் மேற்பட்ட இனங்கள் அழிந்துபோயின. மிஞ்சியவை 8 மட்டுமே. அவற்றில் ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. 1869-ல் வாக்கர் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டார். கிடைத்த இடம் 'இந்துஸ்தான்' என்று மட்டுமே எழுதப்பட்டது. எந்த ஊர், எந்த மலை என்ற குறிப்பு இல்லை. ஐயத்துக்கு இடமில்லாமல் இந்த இனம் என்று உறுதியானது லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஒரே ஆண் பூச்சிதான். 2022-ல் அதன் சிறகையும் ஆராய்ந்து, நொடிக்கு 4,700 அதிர்வுள்ள ஓசையை எழுப்பியிருக்கும் என்று கண்டறிந்தனர். பாட்டு மீண்டும் கிடைத்தது. பாடகன் இருக்கும் இடம்தான் தெரியவில்லை.

நண்பன் யார், பகைவன் யார்?

அழிந்த பூச்சியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதன் உறவினர்கள் நம் கழனியில்தான் இருக்கிறார்கள். எல்லோரும் பகைவர்கள் அல்லர். நெல் வயலில் வாழும் சிறிய சுவர்க்கோழி இனங்கள் இலைச்சுருட்டுப் புழு, தண்டுத் துளைப்பான் ஆகியவற்றின் முட்டைகளைத் தின்கின்றன. நீண்ட மீசை வெட்டுக்கிளிகளிலும் சில இதே வேலையைச் செய்கின்றன. கண்டதும் மருந்து அடித்தால் கூலியில்லாக் காவலாளியைக் கொன்று, கைப்பணத்தையும் இழக்கிறோம்.

இதே கூட்டத்தில் கெடுதல் செய்வது பிள்ளைப்பூச்சி. மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால் மண்ணைக் குடைந்து வேரைக் கடிக்கும். இதுவும் வளையிலிருந்து பாடுவதால், சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. தண்ணீர் நிற்காத நாற்றங்காலில் திட்டுத் திட்டாக நாற்று வாடினால், ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் அறுந்திருந்து, அருகில் வளையும் தெரிந்தால் இதன் வேலையாக இருக்கலாம். தண்ணீர் கட்டினால் வளையை விட்டு வெளியே வரும். கையால் பொறுக்கி அழிக்கலாம். மீதியைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். வரப்பு ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.

மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு நாள் இரவு டார்ச் விளக்குடன் கழனியைச் சுற்றிவாருங்கள். யார் பாடுகிறார், யார் கடிக்கிறார் என்று பாருங்கள். புரியாவிட்டால் பூச்சியை ஒரு டப்பாவில் பிடித்துப்போட்டு வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். பிடித்த ஊரையும் தேதியையும் மறக்காமல் எழுதி ஒட்டுங்கள். 1869-ல் அதை எழுதாமல் விட்டதால்தான் ஒரு பூச்சியின் ஊர் இன்றுவரை தெரியாமல் இருக்கிறது.