யாரும் அனுபவிக்காத செலவு

உலையில் போடுவதற்காக ஆழாக்கால் அளந்து முறத்தில் கொட்டிய அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் என் தாயார் அரிசி களைய உட்காருவாள். அந்த ஒரு பிடி குறைந்ததனால் எங்களில் எவரும் ஒருநாளும் அரைவயிற்றோடு இலையை விட்டு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் மாதக் கடைசியில், தகப்பனாரின் சம்பளம் வருவதற்கு இரண்டு மூன்று தினங்கள் இருக்கும்போது, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மளிகைக் கடைக்குக் கடன் சொல்லி ஆள் போகிற சமயத்தில், எங்கள் வீட்டில் அந்தக் கலயத்தைக் கவிழ்த்தால் ஏறக்குறைய ஒரு படி அரிசி விழும். இரண்டு வேளைச் சோற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

சிக்கனத்திற்கும் லோபத்திற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்தக் கலயத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன். குழந்தைக்குப் பாலைக் குறைத்தும், வயோதிகருக்கு மருந்தைத் தள்ளிப்போட்டும், வந்த விருந்தாளிக்கு முகம் சுளித்தும் சேர்க்கிற பணம் லோபியின் பணம். குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு சுகத்தையும் தராமல், கண்ணுக்குத் தெரியாத துவாரங்களின் வழியாக நாள்தோறும் கசிந்து போகும் பணத்தைத் தேடிப் பிடித்து நிறுத்துவதே சிக்கனம். ஆகவே வீட்டுச் செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பஸ்தர், எதையெதை விட்டுவிடலாம் என்று ஜாபிதா போட உட்காருவதற்கு முன்னால், யாருமே அனுபவிக்காமல் போகிற செலவு எது என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்து வருவது நல்லது.

எங்கள் வீட்டில் அது மின்சாரத்தில் ஒளிந்திருந்தது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டிலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம் என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் 500 யூனிட் என்ற எல்லையைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்குக் கட்டணம் கூடுவது மட்டுமின்றி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உரிய சலுகையும் சேர்ந்தே போய்விடும் என்பது எனக்கு 2023-ஆம் ஆண்டுக் கோடையில், 508 என்று குறித்த கணக்கு வந்தபோதுதான் புரிந்தது. அப்போதைய விகிதப்படி சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். எங்களுக்கு வந்ததோ 2,014 ரூபாய். எட்டே யூனிட்டுக்கு 289 ரூபாய்! விகிதங்கள் பின்னர் மாறியிருக்கின்றன, இனியும் மாறக்கூடும். எனினும் எல்லையைத் தாண்டினால் கட்டணம் ஏணி ஏறும் என்கிற தத்துவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு மாதத்திற்கு 500 என்றால் நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். கணக்கெடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, ஞாயிறுதோறும் மீட்டரில் ஓடிய எண்ணைப் பக்கத்தில் எழுதி வருகிறவருக்கு, எல்லை நெருங்குவது பதினைந்து நாள் முன்னதாகவே தெரிந்துவிடும்.

ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் சக்தியை ஒரு மணி நேரம் உபயோகிப்பது. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கிறது என்றும், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழல்கிறது என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் அது 54 யூனிட் எடுத்துக்கொள்ளும். இப்போது வந்துள்ள ‘பி.எல்.டி.சி.’ விசிறி 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருவதால், அதற்கு 22 யூனிட் போதும். ஓயாமல் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றினால் மிச்சமாவது நூறு யூனிட்டுக்குச் சற்றே குறைவு. விலை கூடுதல் என்பது வாஸ்தவம். எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், இரவும் பகலும் சுழல்கிற கூடத்து விசிறியில் தொடங்கலாம். தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காததால் செட்டாப் பெட்டி விடியும் வரை விழித்துக்கொண்டே இருக்கிறது. அது பத்து வாட் இழுத்தாலும், இரவும் பகலும் அணைக்காமலே விட்டால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. தூங்குகிற வீட்டில் யார் பார்ப்பதற்காக அது? குளிர்சாதனம் வைத்திருப்பவர்கள் 18 டிகிரியில் வைத்துவிட்டு, குளிர் தாங்காமல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் வேடிக்கையான வழக்கத்தையும் விட வேண்டும். 2020 முதல் நட்சத்திரக் குறியுள்ள புதிய குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி மத்திய அரசு விதித்திருப்பதற்குக் காரணம் இந்த விரயம்தான்.

அடுப்படிக்கு வருவோம். “கொதி வந்தாச்சு, அடுப்பைத் தணிடா” என்று கூடத்திலிருந்தே அம்மா குரல் கொடுப்பாள். விறகை வெளியே இழுத்து வைப்பது என் வேலை. அவளுக்குப் பௌதிக சாஸ்திரம் தெரியாது. ஆனால் அவள் சொன்னதில் இருந்தது முழுக்கப் பௌதிகம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்க ஆரம்பித்த பிறகு, தீயை எவ்வளவு தூண்டினாலும் அதற்குமேல் சூடாவதில்லை. ஆவிதான் வேகமாகப் பறக்கும். காய் வேகும் நேரம் தணிந்த தீயிலும் எரிகிற தீயிலும் ஒன்றே. ஆகையால் கொதித்ததும் சிம்மில் வைப்பதும், பாத்திரத்தை மூடி வேகவிடுவதும், தீ நாக்கு அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் ருசியில் கடுகளவும் குறைவு வைக்காத சிக்கனங்கள். துவரம் பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து வேகப்போட்டால் சீக்கிரம் மசியும். கொண்டைக்கடலைக்கு ஒரு ராத்திரி வேண்டும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகப் படர்ந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், பர்னரின் துவாரங்கள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். பழைய ஊசியால் அவற்றைக் குத்திச் சுத்தம் செய்தாலே 14.2 கிலோ உருளை சில நாட்கள் கூடுதலாக வரும்.

காய்கறிச் செலவில் விரயம் நேர்வது பெரும்பாலும் விலையினால் அல்ல, அழுகலினால். குளிர்பதனப் பெட்டி வந்தபிறகு வாரத்திற்கும் சேர்த்து வாங்கி அடைத்து, வியாழக்கிழமை கீரைக்கட்டு சொதசொதத்து, வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போகிறது. மூன்று நாளைக்கு மேல் கீரையும் கொத்தமல்லியும் வாங்காதிருப்பதே உத்தமம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலில் தொடங்கிய உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால், காலையில் அங்கே போய் அன்றைய விலைப் பலகையைப் பார்த்தபிறகு என்ன சமைப்பது என்று தீர்மானிக்கலாம். நாம் தீர்மானித்துக்கொண்டு போனால், மழைக்காலத்துத் தக்காளி நம் பையைக் காலிசெய்துவிடும். பீர்க்கங்காயைக் கூட்டு வைத்து, சீவிய தோலை உளுத்தம்பருப்போடும் மிளகாயோடும் வதக்கித் துவையல் அரைக்கிற வீட்டில், ஒரே காய்க்கு இரண்டு பதார்த்தம். புளித்த மாவு குழிப்பணியாரமாகிறது. மிஞ்சிய இட்லி மாலையில் உப்புமா ஆகிறது. புளியையும் மிளகாயையும் புதுச்சரக்கு வருகிற மாசி பங்குனியில் வருஷத்திற்கும் சேர்த்து வாங்கி, காயவைத்துப் பத்திரப்படுத்துவது இன்றும் லாபமானதே.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. நம்முடைய வீடுகளில் சிக்கனம் என்ற பெயரால் நடப்பதில் பெரும்பகுதி, வீட்டுத் தலைவியின் தட்டிலிருந்து எடுக்கப்படுவது. குழம்பு போதாவிட்டால் மோரோடு முடித்துக்கொள்கிறவளும், பால் ஒரு டம்ளர் குறைந்தால் கடுங்காப்பி குடிக்கிறவளும், கண் மங்கியும் கண்ணாடி மாற்றுவதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளுகிறவளும் அவள்தான். என் தாயாரும் அப்படித்தான் இருந்தாள். பிடியரிசியைப் புகழ்ந்த எனக்கு, அவள் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது சட்டியில் என்ன மிஞ்சியிருந்தது என்று எட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை. அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. அவள் வயிற்றில் மிச்சம் பிடித்தது பின்னாளில் வைத்தியச் செலவாகவே திரும்பி வந்தது.

மிச்சமான பணம் கைப்பையிலேயே கிடந்தால் தங்காது; மாதக் கடைசியில் இருப்பதைச் சேமிப்போம் என்பவர்களிடம் மாதக் கடைசியில் எதுவும் இருப்பதில்லை. சம்பளம் வந்த அன்றே, மின்சாரத்திலும் எரிவாயுவிலும் இவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்டு, அந்தத் தொகையைத் தனியே கட்டிவிட வேண்டும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாய் இருந்தாலே ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். பத்து வயது நிறையாத பெண் குழந்தை இருந்தால், ஆண்டுக்கு 250 ரூபாயிலேயே செல்வமகள் சேமிப்புக் கணக்கை நடத்தலாம். ஏலச்சீட்டுச் சேருகிறவர்கள், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் தெருவில் பன்னிரண்டு மாதம் தீபாவளிச் சீட்டுக் கட்டிய பெண்கள், ஐப்பசியில் பூட்டிய கதவின் முன்னால் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். நகையாக வாங்கி வைப்போம் என்பவர்களும், செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை என்பதை மறக்கலாகாது.

இந்த மாதம் ஏதேனும் ஒரு கசிவை அடைத்து, அதனால் ஒரு தொகை கையில் மிஞ்சுமானால், அஞ்சலகத்திற்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டு அம்மாளிடம், அவள் தனக்கென்று இதுவரை தள்ளிப்போட்டு வந்தது என்ன என்று கேளுங்கள். முதல் மிச்சம் அதற்குப் போகட்டும்.