அம்பு முனை தேடும் நண்பர்கள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம்மில் சிலர் நண்பர்களோடு தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் புறப்பட்டு விடுவார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலோ மண்வெட்டியும் சல்லடையுமாகக் கிளம்பும் நண்பர் கூட்டங்கள் உண்டு. அவர்கள் தேடுவது பொன்னுமல்ல, புதையலுமல்ல. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய கல் அம்பு முனைகள்!

இதில் அப்படி என்ன சுகம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் கேளுங்கள்.

ஓடைக்கரைகளில் சில மேடுகள் இருக்கும். மண் கரிபோலக் கறுத்திருக்கும். நெருப்பில் வெடித்த சுண்ணாம்புக் கற்கள் குவிந்து கிடக்கும். பழங்காலத்தார் குழி தோண்டி, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, கிழங்குகளை மூடிச் சுட்டு உண்ட இடங்கள் அவை. ஒருவர் வெட்ட, ஒருவர் வாளியில் அள்ள, இருவர் மரச்சட்டத்தில் கால் அங்குலக் கம்பிவலை அடித்த சல்லடையைப் பிடித்து ஆட்டுவார்கள். ஈயலம்பத்தில் டூலாங் கழுவியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. மண் உதிர்ந்ததும் மிஞ்சுவது பெரும்பாலும் கற்சில்லும் நத்தை ஓடும்தான். என்றாவது ஒருநாள் இலை வடிவில் ஒரு முனை தலைகாட்டும். அப்போது எழும் கூச்சலைக் கேட்க வேண்டுமே!

அம்பா, ஈட்டியா?

கிடைப்பதையெல்லாம் அம்பு முனை என்றே சொல்கிறார்கள். ஆனால் வில்லும் அம்பும் டெக்சசுக்கு வந்து ஏறக்குறைய 1,300 ஆண்டுகளே ஆகின்றன. விரல் நகம்போன்ற சிறு முனைகளே உண்மையான அம்பு முனைகள். விரல் நீள முனைகள் அவற்றுக்கு முந்தியவை. எறிகோலில் பொருத்தி வீசிய ஈட்டிகளுக்கு உரியவை. சிக்கிமுக்கிக்கல்லை இன்னொரு கல்லால் தட்டிச் சில்லெடுத்து, மான்கொம்பின் நுனியால் ஓரத்தை அழுத்தி அழுத்திக் கூராக்கினார்கள். இரும்பு அறியாத கைகளின் வேலை அது!

கால்ட் தரும் பாடம்

டெக்சசில் கால்ட் என்ற இடத்தில் 1929-ல் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள், காசு கொடுத்தவர்களெல்லாம் அங்கே தோண்டலாம் என்ற நிலை இருந்தது. மேலடுக்குகள் குழம்பிப் போயின. பின்னர் சேகரிப்பாளர் ஒருவர் ஆழத்தில் கோடுகள் கீறிய சிறு கற்களைக் கண்டார். செய்தி ஆராய்ச்சியாளர்களுக்கு எட்டியது. 1998 முதல் 2002 வரை மைக்கேல் காலின்ஸ் என்ற அறிஞர் தலைமையில் முறையான அகழாய்வு நடந்தது. கற்சில்லுகளையும் சேர்த்து ஏறக்குறைய 26 லட்சம் பொருள்கள் கிடைத்தன. குலையாமல் தப்பிய கீழடுக்குகளில், 13,000 ஆண்டு பழமையான கருவிகளும், அவற்றுக்கும் அடியில் 16,000 ஆண்டுகளுக்கும் முந்திய கருவிகளும் இருந்தன. அமெரிக்காவில் மனிதன் எப்போது கால் வைத்தான் என்ற கேள்விக்கே அவை புது விடை தந்தன. 2007-ல் காலின்ஸ் அந்த நிலத்தை விலைக்கு வாங்கி, தொல்லிடங்களைக் காக்கும் அமைப்பொன்றுக்குத் தானமாகவே கொடுத்து விட்டார்.

மேலே தோண்டியவர்கள் இன்னும் நாலடி போயிருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

கல் தன் வயதைத் தானே சொல்லாது. அதனோடு கிடக்கும் கரித்துண்டும் மணலும் அடுக்கும்தான் சொல்லும். மொய் நோட்டிலிருந்து ஒரு தொகையை மட்டும் வெட்டி எடுத்தால், பணம் எவ்வளவு என்று தெரியும். யார் கொடுத்தார், எந்தக் கல்யாணத்தில் கொடுத்தார் என்பது தெரியுமா? சல்லடையில் பிடித்த முனையின் கதையும் அதுதான்.

அமெரிக்காவில் மத்திய அரசின் நிலத்தில் அனுமதியின்றித் தோண்டுவதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தனியார் நிலத்தில் பெரும்பாலும் உரிமையாளர் சம்மதமே போதும். ஆகவே அங்கே மனச்சாட்சிதான் காவல். அந்த மனச்சாட்சி உள்ளவர்கள் ஆராய்ச்சியாளர்களோடு தொண்டர்களாகச் சேர்ந்து சலிக்கிறார்கள். அதே வெயில், அதே சல்லடை, அதே அரட்டை. ஆனால் எந்த வாளி மண் எந்தக் குழியில், எத்தனை ஆழத்தில் எடுத்தது என்று நோட்டில் ஏறிவிடும்.

நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள்! பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பான் ஒரு காலத்தில் கற்கருவிப் பட்டறையாகவே இருந்தது. 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு 1991-ல் கிடைத்ததும் அந்தப் பள்ளத்தாக்கில்தான். 2012-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மலாய்க்காரர்கள் 'பாத்து லிந்தார்', அதாவது இடிக்கல், என்று சொல்லி வந்தவை பழைய கற்கோடரிகளே.

நாளை உங்கள் மண்வெட்டியிலும் ஒன்று தட்டுப்படலாம். மேலும் தோண்டாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டு பாரம்பரியச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அலமாரியில் வைத்தால் அது ஒரு கல். கிடந்த இடத்தோடு சேர்த்துச் சொன்னால் அது ஒரு சரித்திரம்.