பாண்டிச்சேரியில் காணாமல் போன மணல், திரும்பி வந்தது எப்படி?

வீக்எண்ட் ஆனா பாண்டிச்சேரிக்கு பைக்கைக் கிளப்புறவங்க, ராக் பீச் பாறையில் உட்கார்ந்து போட்டோ எடுக்காம திரும்ப மாட்டாங்க. அந்தப் பாறைகள் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்டவை. ஒருகாலத்தில் அங்கே மணல்கரைதான் இருந்தது.

1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினாங்க. தெற்கிலிருந்து அலைகள் நகர்த்திவரும் மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே நகரக் கரைக்கு மணல் வரத்து குறைந்து, கடல் ஊரை நெருங்கியது. மீனவர்களுக்கு வலை உலர்த்தவும் இடமில்லாமல் போச்சு. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பை இறக்கிய பிறகுதான், காந்தி சிலைப் பக்கம் மணல் மெல்லத் திரும்பியது.

மற்றபடி, 1674-ல் வந்து 1954-ல் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நேர்த்தெருக்களைச் சுற்ற ஜனவரி, பிப்ரவரி இதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை, நிம்மதியா நடக்கலாம். குளிக்க மட்டும் இறங்காதீங்க, இழுவை பலமா இருக்கும்.