பிக்கப் வண்டி: கிலோவுக்கு எத்தனை பைசா டீசல்?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டானாலும் சரி, ராயக்கோட்டை தக்காளி மண்டியானாலும் சரி, லோடு இறக்கிவிட்டு டீக்கடையில் நிற்கும் இரண்டு பிக்கப்காரர்களிடையே முதலில் வரும் கேள்வி, "உங்க வண்டி எத்தனை குடுக்குதுண்ணே?" என்பதுதான். ஒருவர் பதினாறு என்பார். இன்னொருவர், "பதினொண்ணுக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், பதினாறு சொன்னவர்தான் லாபத்தில் ஓட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட முடியாது.

2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்து, 'குட்டியானை' என்ற பெயரோடு ஊர் ஊராக நுழைந்தது. பொலிரோ பிக்கப், ஓசூரில் தயாராகும் தோஸ்த் போன்ற வண்டிகளும் ஊருக்குள் வந்துவிட்டன. லாரிக்காரர் வரும் நேரத்துக்குக் காத்திருந்த நிலை மாறி, அறுத்த அன்றே சரக்கை மண்டி சேர்க்க முடிகிறது. ஆனால் வண்டி வாசலுக்கு வந்ததும் கூடவே இரண்டு செலவுகளும் வந்துவிடுகின்றன. ஒன்று மாதத் தவணை. அதில் குறைக்க ஒன்றுமில்லை. மற்றது டீசல். அதைக் குறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். காந்தம் விற்பவர், 'சிப்' மாற்றித் தருபவர், பெரிய டயர் போடச் சொல்பவர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பணத்தை எடுத்து நீட்டும் முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மண்டி 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 1,200 கிலோ காய்கறி, வரும்போது காலி வண்டி. லோடோடு லிட்டருக்கு 11 கிலோமீட்டர், காலியாக 15 கிலோமீட்டர் கொடுத்தால், போக 4.1 லிட்டர், வர 3 லிட்டர் என மொத்தம் 7.1 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபாய் என்றால் சுமார் 660 ரூபாய். ஒரு கிலோ காய்க்கு 55 பைசா விழுகிறது.

அதே வண்டி, அதே பாதையில் 600 கிலோ மட்டும் ஏற்றிப் போகட்டும். பாரம் குறைந்ததால் லிட்டருக்கு 13 கொடுக்கிறது. மொத்தம் 6.5 லிட்டருக்குள் முடிந்துவிடும், செலவு சுமார் 600 ரூபாய். "வண்டி கிட்டத்தட்ட பதினாலு குடுக்குது" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லலாம். ஆனால், கிலோவுக்கு ஒரு ரூபாய் ஆகிவிட்டது. மைலேஜ் கூடியிருக்கிறது, செலவும் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். அவரவர் வண்டிக்கு அவரவர் எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு போகும் திசை மாறாது.

அப்படியென்றால் இரண்டு டன் ஏற்றலாமா?

இந்தக் கணக்கைக் காட்டினால் உடனே எழும் கேள்வி இது. டீசலை மட்டும் பார்த்தால், ஆமாம், இன்னும் மலிவாகத்தான் தெரியும். 2,000 கிலோ ஏற்றி, லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால் போக 5, வர 3 என 8 லிட்டர். 744 ரூபாய். கிலோவுக்கு 37 பைசா. 1,200 கிலோ ஏற்றியதைவிட கிலோவுக்கு 18 பைசா மிச்சம், ஒரு நடைக்கு 360 ரூபாய். பலரும் கமான் பட்டை கூடுதலாகச் சேர்த்து லோடு அடிப்பதற்குக் காரணம் இந்த 360 ரூபாய்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில், அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. ஒரே ஒருமுறை மாட்டினால் 55 நடையில் மிச்சம் பிடித்தது போய்விடும். அதைவிட மோசம், கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். அதற்கான செலவும் வண்டிக்காரர் தலையில்தான். சித்திரை வெயிலில் ரோட்டோரம் இறக்கி வைத்த தக்காளிப் பெட்டிகள் மண்டி போய்ச் சேரும்போது என்ன விலைக்குப் போகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கமான் பட்டை சேர்ப்பதால் பாரத்தில் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் கிளட்சும் பழையவையே. அவற்றின் தாங்கு திறன் ஒரு கிலோகூடக் கூடவில்லை. மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கம்பெனி சொன்ன மைலேஜ் ஏன் வருவதில்லை?

விளம்பரத்தில் வரும் எண் முழுப் பொய் அல்ல. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, குறிப்பிட்ட வேகங்களில் இருபது நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்த்து எடுக்கும் எண் அது. எதிர்காற்று கிடையாது, வேகத்தடை கிடையாது, களத்து மேட்டு மண்பாதை கிடையாது. முழு லோடும் கிடையாது. இரண்டு கம்பெனி வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். டீசல் பட்ஜெட் போட உதவாது.

சொந்த வண்டியின் எண்ணைச் சொந்தமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பங்க்கில், ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வகுத்தால் விடை கிடைக்கும். ஒரு டேங்க்கை வைத்து முடிவு செய்யக் கூடாது. நான்கு டேங்க் பார்த்தால்தான் நம்பலாம். 500 ரூபாய்க்கு, 1,000 ரூபாய்க்கு என்று போட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் வெறும் உத்தேசம்தான்.

நோட்டில் கிலோமீட்டர், லிட்டர் தவிர இன்னொரு கட்டமும் வேண்டும். ஒவ்வொரு நடையிலும் ஏற்றிய எடை. மண்டிச் சீட்டிலேயே அது இருக்கிறது, எடுத்து எழுதினால் போதும். மாதக் கடைசியில் மொத்த டீசல் செலவை மொத்த எடையால் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை பைசா என்பது வந்துவிடும்.

மாற்றங்கள் செய்யும் வேலை

கிராமங்களில் அதிகம் செய்யப்படும் மாற்றம், பின்பக்கத்தில் உயரமான கம்பிக் கூண்டு. பூ, கீரை, வாழையிலை, வைக்கோல் போன்று எடை குறைந்து இடம் அதிகம் அடைக்கும் சரக்குக்கு அது தேவைதான். ஆனால், கூண்டின் எடை 120 கிலோ என்றால், அந்த 120 கிலோவும் அனுமதிக்கப்பட்ட பாரத்தில்தான் கழியும். காலியாகத் திரும்பும்போதும் கூடவே வரும். அதைவிடப் பெரிய செலவு காற்று. கேபினுக்கு மேல் இரண்டு அடி உயர்ந்து, அதில் தார்ப்பாயும் கட்டியிருந்தால், எதிர்காற்று மோதும் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மேல் பாதியைக் கழற்றி மாட்டும்படி போல்ட் வைத்துச் செய்யச் சொன்னால், தக்காளி, வெங்காயம் ஏற்றும் காலத்தில் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். திரும்பி வரும்போது தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிடுவது அவசியம். படபடவென்று அடித்துக்கொண்டே வரும் தார்ப்பாய் டீசலையும் தின்னும், தானும் கிழியும்.

பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு ஓட்டினால் காற்று எளிதாக வெளியேறி மைலேஜ் கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். காற்றுச் சுரங்கச் சோதனைகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கதவு மூடியிருந்தால் பின்தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாக நின்றுகொள்ளும், மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போய்விடும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும்.

பெரிய டயர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. டயரின் சுற்றளவு 5 சதவிகிதம் கூடினால், வண்டி 105 கிலோமீட்டர் ஓடியும் மீட்டர் 100 என்றுதான் காட்டும். மைலேஜ் விழுந்துவிட்டதாகத் தோன்றும், அதில் ஒரு பகுதி மீட்டரின் தப்பு. தேய்ந்த டயரில் இதற்கு நேர்மாறு. ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்து 20 கிலோமீட்டருக்கு மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டால் சந்தேகம் தீரும். மீட்டர் தப்பு ஒருபுறமிருக்க, அகலமான, கனமான டயர் உருள்வதற்கே கூடுதல் டீசல் வேண்டும் என்பதும் உண்மை. நைலான் டயரைவிட ரேடியல் டயர் எளிதாக உருளும். டயர் மாற்றும் நேரம் வந்தால், கம்பெனி சொன்ன அதே அளவில் ரேடியல் போடுவதே சரி.

காற்றழுத்தத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், பார்ப்பவர்கள்தான் குறைவு. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவிகிதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 'குலுங்காமல் இருக்கும்' என்று 10 பி.எஸ்.ஐ. குறைத்து ஓட்டுபவர் நூறு லிட்டருக்கு இரண்டு லிட்டரை ரோட்டில் ஊற்றுகிறார். டயரின் ஓரம் தேய்வது தனிக்கணக்கு. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும்.

டீசல் குழாயில் கட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து வாயு பிரித்து இன்ஜினுக்கு அனுப்பும் பெட்டி போன்றவற்றுக்குச் செலவு செய்யவே வேண்டாம். எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்திருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில் மட்டுமே கொஞ்சம் பலன் தெரிந்தது. வாயுப் பெட்டி ஓடுவதற்கான மின்சாரம் அதே இன்ஜினிலிருந்துதான் வருகிறது. மோட்டார் வைத்து இறைத்த தண்ணீரைத் திரும்பக் கிணற்றில் விழவைத்து, அந்த விசையிலேயே மோட்டாரை ஓட்டப் பார்ப்பது போன்ற வேலை இது.

'சிப்' மாற்றும் விஷயம் வேறு. அது ஏமாற்று அல்ல, இழுவை உண்மையிலேயே கூடும். ஆனால், இழுவை கூடியதும் கால் சும்மா இருப்பதில்லை. வேகமும் லோடும் ஏறும், கிளட்ச் சீக்கிரம் போகும், வாரண்டியும் போகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. 'அது அடைத்துக்கொண்டு டீசல் குடிக்கிறது' என்று அதைக் கழற்றிவிடும் பட்டறைகளும் இருக்கின்றன. அடைப்புக்கு முக்கியக் காரணம் தினமும் ஐந்து, பத்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுவது. கரி எரியும் அளவுக்கு அது சூடாவதே இல்லை. மீட்டர் பலகையில் அதற்கான விளக்கு எரிந்தால், கையேட்டில் சொல்லியிருப்பதுபோல் நல்ல ரோட்டில் நிறுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் தானே சுத்தமாகிவிடும். கழற்றினால் புகைச் சான்று, எஃப்.சி. இரண்டும் சிக்கல். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்ளும் காரணமும் இதுவாகத்தான் இருக்கும்.

காலில் இருக்கும் மிச்சம்

காசே செலவழிக்காமல் குறைக்கக்கூடியது வேகம். 60-லிருந்து 80-க்கு வேகம் கூடினால் எதிர்காற்றின் தடை ஏறக்குறைய 78 சதவிகிதம் கூடுகிறது. 45 கிலோமீட்டர் தூரத்தில் மிச்சமாவது 11 நிமிடம். 45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்கிறது, பி.சி.ஆர்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு. ஏலம் தொடங்கும் நேரத்தைப் பிடிக்கத்தான் விரட்டுகிறோம் என்றால், கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது டீசலைவிட மலிவு.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தை உடனே விட வேண்டும். எலெக்ட்ரானிக் முறையில் டீசல் செலுத்தும் இன்றைய இன்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவது அறவே நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவில் முடிகிறது, பிரேக்கும் சூடாகிப் பிடிக்காமல் போகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களுக்கு பிரேக் கட்டையாகிவிடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும்.

எடை மேடை வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்பதற்கு மணிக்கு அரை லிட்டர் அளவில் போகும். தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 1,000 ரூபாய்க்கு மேல்.

மேலே பார்த்த கணக்கில் இன்னும் கைவைக்காமல் இருப்பது, காலியாகத் திரும்பும் 45 கிலோமீட்டரும் அதற்கான 3 லிட்டரும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு, மூன்று பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே வண்டியில் சரக்கு அனுப்புவதும், திரும்பும்போது மாட்டுத் தீவனம், புண்ணாக்கு, உரம் என்று ஊருக்குத் தேவையானதை ஏற்றி வருவதும் எந்தக் காந்தத்தாலும் கிடைக்காத மிச்சத்தைத் தரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு இன்னும் எளிது. உரமோ பூச்சிமருந்தோ ஏற்றி வந்திருந்தால், மறுநாள் காய்கறி ஏற்றும் முன் பின்தொட்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவிக் காயவிட்ட பிறகே பெட்டிகளை அடுக்க வேண்டும். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.