டீசல் தொட்டிக்குள் பூஞ்சை வளர்வது எப்படி?

பாய்மரப் படகில் என்ஜினுக்கு வேலை குறைவு. துறைமுகத்தில் நுழைய, காற்று விழுந்துவிட்டால் நகர, அவ்வளவுதான். அதனால் ஒரே டீசல் மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கும்.

பாதி காலியான தொட்டியில் மீதி இடத்தை ஈரக்காற்று நிரப்புகிறது. இரவில் சுவர் குளிர்ந்ததும் ஈரம் துளிகளாகி வழியும். டீசல் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீரும் இறங்கும். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 840 கிராம். தண்ணீர் அதைவிட கனம், அடியில் தங்கிவிடும். இரண்டும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில்தான் பாக்டீரியாவும், அமார்ஃபோதீக்கா ரெசினே என்ற பூஞ்சையும் குடியேறுகின்றன. தண்ணீர் கீழே, தின்ன ஹைட்ரோகார்பன் மேலே, வேறென்ன வேண்டும்? விளைவு, சளிபோல் இழுபடும் கறுப்புக் கசடு. இவை வெளிவிடும் அமிலம் அலுமினியத் தொட்டியையும் அரிக்கும்.

கடல் அமைதியாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. அலையில் படகு ஆடியதும் கசடு கலங்கி, ஃபில்டரை அடைத்து, என்ஜின் நிற்கும். அதுவும் பாறைகளுக்கு நடுவே நுழைகிற நேரமாகப் பார்த்து!

கிருமிக்கொல்லி ஊற்றினால் போதும் என்பார்கள். போதாது. செத்த பூஞ்சையும் ஃபில்டரைத்தான் அடைக்கும். டீசலை முழுக்க உறிஞ்சி எடுத்து, மேல்மூடியைத் திறந்து, கைவிட்டுச் சுரண்டித்தான் ஆக வேண்டும். உள்ளே டீசல் அலைபாயாமலிருக்க வைத்த தடுப்புத் தகடுகளின் மூலைகளில்தான் கசடு ஒளிந்திருக்கும். தகடுகளுக்கு இடையே கை எட்டாத அறை இருந்தால், அதற்கு மேலே புதிதாக ஒரு திறப்பு வெட்ட வேண்டிவரும். கிருமிக்கொல்லி அதற்குப் பிறகுதான். தொட்டியை எப்போதும் நிரப்பியே வைத்தால் ஈரக்காற்றுக்கு இடமிருக்காது.