வேங்கடத்துக்குத் திரும்பியவை

ஆந்திரத்தின் பலமநேர் பக்கம் காட்டோரத்தில் தக்காளி போட்டிருக்கும் விவசாயிக்கு விடிந்ததும் முதல் வேலை, சொட்டுநீர்க் குழாய் முழுசாகக் கிடக்கிறதா என்று பார்ப்பது. யானை தின்று தீர்ப்பதைவிட மிதித்துத் தீர்ப்பது அதிகம். நெல்லும் கரும்பும் வாழையும் மாவும் இருந்தால் இரண்டும் நடக்கும். இருட்டிய பிறகு யாராவது "ஏனுகுலு வச்சாயி" (யானைகள் வந்துவிட்டன) என்று தெலுங்கில் குரல் கொடுத்தால் போதும், ஊரே டார்ச்சும் தகரடப்பாவுமாக வெளியே வந்து நிற்கும். குப்பம் பக்கத்தில் அதே குரலைத் தமிழிலும் கேட்கலாம்.

இத்தனைக்கும் இந்த ஊர்களில் இன்றைய பெரியவர்களின் தாத்தாக்கள் தங்கள் வயலில் காட்டு யானையைப் பார்த்தவர்கள் அல்ல. சித்தூர் மாவட்டத்துக்கு யானைகள் வந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள்தான் ஆகின்றன. திரும்பி வந்தன என்று சொல்வதே சரி. சங்கப் புலவர் மாமூலனார் அகநானூற்றில் பாடும் வேங்கடம், அதாவது இன்றைய திருப்பதி மலைப் பகுதி, யானைக் காடுதான். புல்லி என்ற தலைவனின் ஆட்கள் யானைத் தந்தத்தைக் கொடுத்துக் கள் வாங்கிக் குடித்த மலை அது. அந்த யானைகள் பிற்காலத்தில் இல்லாமல் போயின. 1980களில் ஓசூர், ஆனேக்கல் காடுகளிலிருந்து சிறு கூட்டங்கள் கிழக்கே நகர்ந்து குப்பம் காடுகளில் நுழைந்தபோது, ஆந்திரத்தின் இந்தப் பகுதி காட்டு யானையைப் பார்த்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏன் கிளம்பின? 80களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவை வாட்டிய வறட்சி, ஓசூர் வட்டாரத்தில் துண்டுதுண்டான காடு, பெருகிய கல்குவாரிகளும் விளைநிலங்களும் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எது முதல் தள்ளு என்று இப்போது பிரித்துக் காட்டுவது கடினம். கிளம்பிய எல்லாமே சித்தூரில் தங்கிவிடவும் இல்லை. சில ஜவ்வாது மலைப் பக்கம் இறங்கின. திருவண்ணாமலை மாவட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்த அப்படியொரு கூட்டத்தைத்தான் 2013இல் கும்கிகளை, அதாவது பழக்கிய யானைகளை, வைத்துப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள்.

வந்த விருந்தாளிகளுக்காக ஆந்திர அரசு 1990இல் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தது. பரப்பு சுமார் 357 சதுர கிலோமீட்டர். எண்ணைப் பார்த்தால் தாராளமாகத் தெரியும். வரைபடத்தைப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கிழித்த வாழையிலைக் கீற்று மாதிரி நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் காடு இது. பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 357 சதுர கிலோமீட்டர் காடு வட்டமாக இருந்தால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 67 கிலோமீட்டர். ஏறக்குறைய அதே பரப்பை 70 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமுமாக இழுத்துவிட்டால் சுற்றளவு 150 கிலோமீட்டர் ஆகிவிடும். காடு ஒரு அடிகூடக் கூடவில்லை; வேலி போட வேண்டிய நீளமும் வயலை ஒட்டிய ஓரமும் இரண்டு மடங்குக்கு மேல். அப்படிப்பட்ட காட்டில் எங்கே நின்றாலும் யானைக்கு வயல் அரைமணி நேர நடைதான்.

இன்னொரு ஒப்பீடும் உதவும். நீலகிரிப் பகுதியில் யானைகளின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ஒரே ஒரு பெண்யானைக் கூட்டம் சுற்றிவரும் பரப்பு 500 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அதாவது ஒரு குடும்பத்துக்கே போதாத வீட்டுக்குச் சரணாலயம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். பின்னர் 2003இல் 766 சதுர கிலோமீட்டரில் ராயலா யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காப்பகம் என்ற பெயர் காட்டை அகலமாக்கிவிடாது.

காட்டுக்குள் என்ன கிடைக்கிறது என்பதும் முக்கியம். இது வறண்ட இலையுதிர் காடு, நடுநடுவே முட்புதர். மூங்கிலும் ஆலும் அத்தியும் உண்டு. மழைக்குப் பிறகு புல் நன்றாகவே இருக்கும். மாசி, பங்குனியில் எல்லாம் காய்ந்து, ஓடைகள் குட்டைகளாகச் சுருங்கிவிடும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கோடையில் பச்சை தெரிவது ஆழ்குழாய்க் கிணறு ஓடும் இடத்தில்தான். காடு காயும்போது வயல் பசேலென்று இருப்பது மனிதன் செய்த மாற்றம். யானை அதைக் கவனித்துவிட்டது.

பசிக்குத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு நகர முடியாது. சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் காடுகளில் 1980களில் யானைகளை ஆராய்ந்த ரா. சுகுமார் இதைக் கணக்கில் காட்டினார். நெல், ராகி போன்ற பயிர்களில் காட்டுப் புல்லைவிடப் புரதமும் கால்சியமும் சோடியமும் அதிகம். ஒரே இடத்தில் நின்று வேகமாக வயிற்றை நிரப்பலாம். ஆபத்து இருக்கிறது, ஆனால் லாபமும் இருக்கிறது. அந்தக் கணக்கை ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி போடுவதில்லை. வளர்ந்த கொம்பன் ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் விளைநிலத்தில் புகுந்தது. குட்டிகளோடு இருக்கும் குடும்பக் கூட்டங்கள் 8 இரவுகள்தான். நல்ல உடம்பு இருந்தால்தான் மதம் பிடிக்கும் காலத்தில் மற்ற ஆண்களோடு மோதிப் பெண்ணை அடைய முடியும். அந்த உடம்புக்காக ஆண் யானை உயிரைப் பணயம் வைக்கிறது. குட்டியை வைத்திருக்கும் தாய்க்கு அந்தச் சூதாட்டம் கட்டுப்படியாகாது.

இதைவிட ஆச்சரியமான செய்தி சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. ஆண் யானை பருவம் வந்ததும் கூட்டத்தைப் பிரிந்து தனியே திரியும் என்றுதான் புத்தகங்கள் சொல்லும். தென் கர்நாடகத்தில் தானியங்கி கேமராக்கள் வைத்து 248 ஆண் யானைகளை அடையாளம் கண்ட நிஷாந்த் சீனிவாசையாவும் சக ஆய்வாளர்களும் 2019இல் வேறொன்றைச் சொன்னார்கள். விளைநிலம் மிகுந்த பகுதிகளில் இளம் ஆண்கள் தங்களுக்குள் பெரிய கூட்டமாகச் சேர்ந்து, நீண்ட நாள் பிரியாமல் வாழ்கின்றன. ஆபத்தான இடத்தில் துணையும், அனுபவசாலி ஒன்றின் வழிகாட்டுதலும் கிடைப்பதே காரணம் என்பது அவர்கள் கணிப்பு. விடுதி வாழ்க்கை மாதிரிதான். எந்த வேலியில் எந்த இடம் பலவீனம் என்று மூத்தவர் சொல்லிக்கொடுப்பார். ஓர் உயிரினத்தின் ஆண்கள் பழகும் முறையே மாறியிருக்கிறது.

சித்தூர் யானைகள் கௌண்டின்யாவோடு நின்றுவிடவும் இல்லை. பிற்பாடு சில யானைகள் வடக்கே நகர்ந்து திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசலம் மலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராமல் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே நிற்கும் செம்மரத்தின் வீடு இது. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமான இதன் பரப்பு 4,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கௌண்டின்யாவோடு பார்த்தால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலை செங்குத்து, மண் மெல்லிசு, தண்ணீர் அங்கொன்று இங்கொன்று. அடிவாரத்திலோ மாந்தோப்பும் நெல்லும். ஆகவே சந்திரகிரி மண்டலத்து விவசாயியும் இப்போது பலமநேர்க்காரர் பேசுவதையே பேசுகிறார். திருமலைக்கும் தலக்கோனாவுக்கும் நடக்கும் பக்தர்களின் காட்டுப் பாதைகளும் இங்கேதான். 2025 மகாசிவராத்திரியை ஒட்டி அன்னமய்யா மாவட்டக் காட்டு வழியில் கோவிலுக்குப் போனவர்கள் யானைகளிடம் சிக்கி உயிரிழந்தார்கள்.

யானைகளும் சாகின்றன. காட்டுப்பன்றிக்காகத் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சில. 2023 ஜூனில் ஓர் இரவு, சித்தூர்–பலமநேர் நெடுஞ்சாலையைக் கடந்த மூன்று யானைகள் காய்கறி லாரி மோதி இறந்தன.

தடுப்பு முயற்சிகள் அநேகம். அகழி வெட்டினால் மழையில் மண் சரியும். சரியாத இடத்தில் யானை காலால் கரையைச் சரித்து இறங்கும். சூரிய மின்வேலி போட்டால், தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை எப்படியோ கண்டுபிடித்துத் தந்தத்தால் கம்பியை விலக்கும், அல்லது மரத்தைத் தள்ளி வேலிமேல் சாய்க்கும். விரட்டும் வேலைக்கு ராமகுப்பம் மண்டலம் நனியாலா முகாமில் ஜெயந்த், வினாயக் என்ற இரண்டு கும்கிகள் ஏற்கெனவே இருந்தன. 2025 மே மாதம் கர்நாடகம் மேலும் நான்கைக் கொடுத்தது: ரஞ்சன், தேவா, கிருஷ்ணா, அபிமன்யு. கும்கி விரட்டிய யானை காட்டுக்குள் போகும். ஆனால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்டால், மறுபடி அந்த 70-க்கு 5 கணக்கிலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வால்பாறையை இங்கே பலரும் உதாரணம் காட்டுவதுண்டு. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் எம். ஆனந்தகுமார் குழு, யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும் உயரத்தில் எரியும் சிவப்பு விளக்காகவும் மக்களுக்குத் தெரிவித்து உயிரிழப்பைப் பெருமளவு குறைத்தது. அருமையான வேலை, அதற்கு 2015இல் விட்லி விருதும் கிடைத்தது. ஆனால் வால்பாறையில் சுற்றிலும் இருப்பது தேயிலை. யானை அதைத் தின்பதில்லை. அங்கே மனிதர் ஒதுங்கி நின்றால் யானை தன் வழியே போய்விடும். பலமநேரில் மனிதர் ஒதுங்கி நின்றால் கரும்பு காலி. சிவப்பு விளக்கு உயிரைக் காப்பாற்றும்; விளைச்சலுக்கு உடனடி இழப்பீடோ, யானைக்குப் பிடிக்காத மாற்றுப் பயிரோ வேண்டும். அதைக் காட்டோரத்து ஓரிருவர் தனியாகச் செய்து பயனில்லை. பக்கத்து வயலில் கரும்பு நின்றால் யானை இவர் நிலத்தை மிதித்துக்கொண்டுதான் அங்கே போகும்.

சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்த கௌண்டின்யா ஆறு தெற்கே இறங்கி மோர்தானா அணையில் தேங்கி, குடியாத்தம் வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. கோடையில் மேலே குட்டைகள் வற்ற வற்ற, யானைகளும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே கீழே வருகின்றன. மோர்தானாப் பக்கத்து மாந்தோப்புகளில் காய் முற்றும் பருவமும் அதுவே. தமிழ்நாட்டுப் பக்கத்து வனக்காவலர் பட்டாசு வெடித்து மேலே ஏற்றிவிட்டால், மேலே பலமநேர்க் காவலர் தயாராக நிற்கிறார், அவர் கையிலும் பட்டாசு.