சொட்டு மருந்துக்கும் நாள் குறிப்பதா?

திருமணத்திற்கு நாள் குறிப்பார்கள். தேர்தலுக்கு நாள் குறிப்பார்கள். கண்ணில் விடும் சொட்டு மருந்து இன்ன நாளில்தான் தீரவேண்டும் என்று நாள் குறிப்பவர்களைக் கண்டதுண்டா? அமெரிக்காவிலே உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்று அவர்களுக்குப் பெயர்.

கண் அழுத்த நோய் ஓசையின்றி வரும். கிளாக்கோமா என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். பெரும்பாலும் வலிகூட இல்லாமல் பார்வை நரம்பை அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். போன பார்வை போனதுதான். எந்த மருத்துவமும் அதை மீட்டுத் தராது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் கண்ணின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதற்காகப் பெரும்பாலோர் நம்பியிருப்பது நாள் தவறாமல் விடும் சொட்டு மருந்தை.

30 நாளைக்கென்று கொடுத்த புட்டி முன்னதாகவே காலியாகிறது. முதியவர் கடைக்குப் போகிறார். ‘இன்னும் நாள் ஆகவில்லை’ என்கிறது கணிப்பொறி. முழு விலையைக் கொடு, இல்லையேல் காத்திரு! அவர் காத்திருப்பார், கண் காத்திருக்குமா?

“சிந்தியது உன் குற்றம்” என்கிறார்கள். கை நடுங்கும் வயது, மூட்டுவலி பிடித்த விரல், மங்கிய பார்வை. மாத்திரை தவறி விழுந்தால் எடுத்து விழுங்கலாம். கன்னத்தில் வழிந்த சொட்டை எடுத்துக் கண்ணில் விட முடியுமா?

சிந்தாதவர் கணக்கையே பார்ப்போம். லட்டானோபிராஸ்ட் என்ற மருந்து 2.5 மில்லிலிட்டர் புட்டியில் வருகிறது. நாளுக்கு ஒருமுறை, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மாதம் 60 சொட்டு வேண்டும். ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால், அதில் 30 பங்கு முதல் 50 பங்கு வரை இருக்கும் ஒரு சொட்டு. 50 பங்கு அளவில் விழுந்தால் புட்டியில் இருப்பது 50 சொட்டுத்தான். ஒரு துளியும் சிந்தாதவருக்கே 25 நாள்! நாளுக்கு ஒரு சொட்டுத் தவறினால், 17-ஆம் நாளே புட்டி காலி!

கண்ணோ ஏறத்தாழ 30 பங்குக்கு மேல் தாங்குவதில்லை. மிச்சம் வழிந்தோடும். சொட்டைப் பெரிதாக்கியது யார்? நோயாளியா? புட்டியைச் செய்த கம்பெனியல்லவா! இதைச் சொல்லி நோயாளிகள் வழக்கும் தொடுத்தார்கள். 2017-இல் சிகாகோவிலுள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அதே ஆண்டில் பிலடெல்பியாவிலுள்ள நீதிமன்றம், வழக்குத் தொடுக்க இவர்களுக்கு உரிமை உண்டு என்றது. ஒரே நாடு, ஒரே சொட்டு, இரண்டு தீர்ப்பு!

கட்டுப்பாடே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. போதை தரும் வலி மாத்திரையை நாள் கணக்கிட்டுக் கொடுப்பதில் நியாயமுண்டு. கண் சொட்டு மருந்தை விட்டுப் போதையேறித் திரிந்தவன் எவன்?

கண் மருத்துவர் சங்கங்கள் விடாமல் வலியுறுத்தின. முதியோருக்கான அரசுத் திட்டமான மெடிகேரில், மருந்துப் பகுதி 2006 முதல் தனியார் கம்பெனிகள் வழியே நடக்கிறது. அந்தக் கம்பெனிகளுக்கு 2010 ஜூனில் மத்திய அரசுத் துறை ஒரு வழிகாட்டுக் கடிதம் அனுப்பியது. 70 விழுக்காடு நாள் கழிந்ததும் அடுத்த புட்டி தரலாம். 30 நாள் மருந்துக்கு 21-ஆம் நாள், 90 நாள் மருந்துக்கு 63-ஆம் நாள். பல மாநிலங்களும் இதையொட்டிச் சட்டம் செய்தன.

வரவேற்கிறோம். ஆனால், 17-ஆம் நாள் தீர்ந்தவருக்கு இன்னும் நான்கு நாள் இருட்டு. அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. சொந்த நிதியிலிருந்தே ஊழியரின் மருத்துவச் செலவைக் கொடுக்கும் முதலாளிகளின் திட்டத்தை, 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி மாநில இன்சூரன்ஸ் சட்டம் கட்டுப்படுத்தாது. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வழியில் செல்பவைதாம். ஆக, மாநிலம் சட்டம் செய்தும், பெரிய ஆலையில் உழைப்பவனுடைய கண்ணுக்கு அது எட்டவில்லை!

அமெரிக்கக் கண் மருந்து நமக்கெதற்கு என்று தோழர் கேட்கலாம். சந்தா வாங்கும்போது கம்பெனி காட்டுவது பெரிய எழுத்து. பணம் கொடுக்கும்போது காட்டுவது சிறிய எழுத்து. இந்தப் பழக்கம் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்தல்ல. மருந்து எப்போது வேண்டுமென்று சொல்ல வேண்டியவர் டாக்டர். அந்த நாற்காலியில் கணக்கப்பிள்ளையை உட்கார வைத்தால் கணக்கு நேராகும், கண் போகும்.

21 நாள் என்ற சலுகையும் தானாக வரவில்லை, கேட்டதால் வந்தது. கேட்க வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. மத்தியச் சட்டமாக வரட்டும். முதலாளியின் திட்டத்தையும் அது கட்டுப்படுத்தட்டும். சொட்டைச் சிறிதாக்கும் கடமை கம்பெனியின் தலையில் விழட்டும். உழைத்துத் தேய்ந்த கைதான் நடுங்குகிறது. நடுங்குவதற்கு அபராதமா?